உடற்பயிற்சிப் பரிந்துரைத் திட்டம்

உடற்பயிற்சிப் பரிந்துரைத் திட்டம் என்பது நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மூட்டுவாதம் முதலிய நாட்பட்ட நோயுடையோரை, அவர்கள் வாழும் பகுதியில் நடைபெறும் பயிற்சிக்கு மருத்துவர் அல்லது செவிலியர் அனுப்பிவைக்கும் முறையாகும். "தினமும் நடங்கள்" என்று வாய்மொழியாகக் கூறுவது இதில் அடங்காது. பயிற்றுநர், கால அளவு, மறு ஆய்வு ஆகியவை இருத்தல் வேண்டும். இங்கிலாந்தில் 1990களில் இம்முறை பரவியது.

பயன்கள்

இயங்கும் தசை இன்சுலினின் துணையின்றியும் குருதியிலுள்ள குளுக்கோசை உள்ளெடுக்கும். நீரிழிவாளருக்கு நடைப்பயிற்சி பயன்தருவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். நாட்பட்ட நோயுடையோரும் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு மேற்கொள்ளலாம் என உலக சுகாதார அமைப்பு 2020இல் அறிவுறுத்தியது. நெஞ்சுவலி, பாதப்புண் உடையோர் முன்னதாக மருத்துவரைக் காணுதல் அவசியம்.

சென்னையில் 531 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 3 ஆண்டுகளில் நீரிழிவு கண்டோர் வழமையான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 55%. உணவு, உடலுழைப்பு மாற்றங்களைத் தொடர்ந்து ஊக்குவித்த பிரிவில் 39.3%. இது பரிந்துரைத் திட்டமன்று. எனினும் தொடர் கண்காணிப்பின் வலிமையைக் காட்டுகிறது.

விமர்சனம்

பாதியில் விலகுவோர் பலர். நோயற்றோருக்காக மட்டும் இத்திட்டங்களுக்கு நிதி ஒதுக்க வேண்டாம் என இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது.

தமிழ்நாட்டில்

இதே பெயரில் அல்லாவிடினும் நெருங்கிய முயற்சிகள் உள்ளன. 2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் (2004 வரை தருமபுரி மாவட்டத்தின் பகுதி) சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மருந்துகளுடன் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டிற்கே கொண்டுசென்றது. 2023 நவம்பரில், மாவட்டத்திற்கு ஒன்றாக 8 கி.மீ. நடைபாதைகள் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் தொடங்கப்பட்டன. மாவட்டத்திற்கு ஒரு பாதை எல்லா ஊர்களுக்கும் போதாது. அதியமான்கோட்டை போன்ற ஊர்களில் மூட்டுவலியுடைய முதியோரிடம் பயிற்சியைச் சேர்க்க, வீட்டிற்கு வரும் பணியாளரே ஏற்ற வழி.