ஷேக்ஸ்பியர் கதைகளை எழுதிய அம்மையார்

ஆங்கிலப் பாடசாலையில் வாசித்த நேயர்களுக்கு ‘ஷேக்ஸ்பியர் நாடகக் கதைகள்’ என்னும் சிறு நூல் பழக்கமானதாயிருக்கும். யான் வாசித்த பிரதியின் முகப்பில் சார்லஸ் லாம் என்ற ஒரே பெயர்தான் அச்சிடப்பட்டிருந்தது. அந்நூலிலுள்ள 20 கதைகளில் 14 கதைகளை எழுதியவர் அவருடைய தமக்கையார் மேரி லாம் என்பதும், அவ்வம்மையார் பாதி ஆயுளுக்கு மேல் சித்தப்பிரமை நோயுடன் போராடியவர் என்பதும், யான் தோட்டத்துக் கிராணியாகிச் சில வருஷங்கள் சென்ற பின்னரே எனக்குத் தெரியவந்தன. பாடசாலையில் இதனை எவரும் சொல்லவில்லை.

மேரி 1764-ம் வருஷம் லண்டன் நகரில் பிறந்தார். சார்லஸ் அவருக்குப் பத்து வயது இளையவர். தகப்பனார் ஒரு வழக்கறிஞரிடம் ஊழியம் பார்த்தவர், கையிருப்பில்லாத குடும்பம். தம்பிக்குப் பாடசாலை கிடைத்தது. தமக்கைக்கோ தையல் ஊசிதான் கிடைத்தது. பகல் முழுதும் பிறருக்கு உடை தைத்துக் கூலி பெறுவார். நடமாட்டமற்ற தாயாருக்கும் புத்தி தளர்ந்துபோன தகப்பனாருக்கும் இரவிலும் பணிவிடை செய்வார். இக்காலத்திலேயே சார்லஸும் சித்தங் கலங்கி, 1795-ம் வருஷக் கடைசியில் ஆறு வாரங்கள் ஹாக்ஸ்டன் என்னுமிடத்துப் பைத்திய சாலையில் இருந்து மீண்டார்.

1796-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி சாப்பாட்டு மேசை போடும் வேளையில், மேரி மனம் பிறழ்ந்து, தையல் பழகிய சிறுமியொருத்தியைக் கத்தியுடன் துரத்தினார். தடுக்க முயன்ற தாயார் மகளின் கையாலேயே குத்துண்டு மாண்டார், தகப்பனாரும் காயமடைந்தார். சார்லஸ்தான் கத்தியைப் பிடுங்கினார். அப்போது அவருக்கு வயது 21. மரண விசாரணை செய்தவர்கள் இது சித்தப்பிரமையால் நிகழ்ந்ததென்று தீர்ப்புக் கூறினர்.

மூத்த சகோதரர் ஜான், மேரியை வெளியே விடுவதை விரும்பவில்லை. சார்லஸோ ஆயுள் உள்ளளவும் தமக்கையைத் தாமே பராமரிப்பதாகப் பொறுப்பேற்றார். 1799-ல் தகப்பனார் காலமான பின்னர் அவரைத் தம் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார். மறு வருஷமே இங்கிலாந்தில் ஒரு சட்டம் பிறந்தது. பைத்தியத்தின் காரணமாகக் குற்றத்தினின்று விடுபட்டோரைக் காலவரையின்றிக் காவலில் வைக்க அது இடந்தந்தது. அச்சம்பவம் சில வருஷங்கள் தாழ்ந்து நிகழ்ந்திருப்பின், அக்கதைகள் நமக்குக் கிடைத்திருக்குமோ என்பது சந்தேகமே.

சார்லஸ் லாம் யார்? அவரும் ஒரு கிராணியே! பினாங்கையும் பின்னர் சிங்கப்பூரையும் ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் கணக்கு இலாகாவில் 1792 முதல் 1825 வரை 33 வருஷங்கள் பேரேடு எழுதியவர். அந்தச் சம்பளமே இருவருக்கும் சோறாகவும், நோய் கண்டபோது மேரியை வைத்திருந்த தனியார் விடுதிக்குக் கட்டணமாகவும் ஆயிற்று. அவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. பேரேட்டுக் கூட்டலில் தலை வலிக்கும் நாட்களில் எனக்கு அவர் நினைவு வருவதுண்டு.

நோய் ஏறக்குறைய வருஷந்தோறும் திரும்பி வந்தது. அது வருமுன் இருவருக்கும் அறிகுறிகள் தெரிந்துவிடும். தமக்கையும் தம்பியும் கைகோத்துக்கொண்டு, கட்டிவைக்கும் சட்டையையும் தாமே எடுத்துக்கொண்டு, கண்ணீருடன் வயல்வழியே விடுதியை நோக்கி நடந்து சென்றதை ஒரு நண்பர் கண்டு சொல்லியிருக்கிறார். சில வாரங்களோ மாதங்களோ சென்றபின் மேரி தெளிந்து வீடு திரும்புவார். ஊரார் வாயோ ஓயவில்லை. வதந்தியால் வீடு மாறவும் நேர்ந்தது. யான் சிறுவனாயிருந்த தோட்டத்தில் இந்நோய் கண்ட ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்ததென்று வேப்பிலை அடித்தார்கள். அவள் நோய் அதனால் தீரவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லி மேற்செல்லுகிறேன்.

தெளிந்திருந்த அந்த இடைக்காலங்களில்தான் மேரி எழுதினார். 1806-ம் வருஷத்தில் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து நாடகங்களைக் கதையாக்கினர். இன்பியல் நாடகங்கள் மேரிக்கு, துன்பியல் நாடகங்கள் சார்லஸுக்கு. தாம் மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருக்க, தம்பி ஒன்றும் எழுத வரவில்லையென்று முனகிக்கொண்டிருப்பதாக மேரி ஒரு தோழிக்கு வேடிக்கையாக எழுதியிருக்கிறார். ஆண் பிள்ளைகள் தகப்பன்மாரின் புத்தக அலமாரியைச் சிறு வயதிலேயே திறந்துகொள்ளுகிறார்கள், பெண் பிள்ளைகளுக்கு அது வாய்ப்பதில்லை, ஆகையால் முக்கியமாக அவர்களுக்கே இந்நூல் என்று முன்னுரையில் காணப்படுகிறது. ஊசி பிடித்து வளர்ந்த பெண்ணின் உள்ளம் இவ்விடத்தில் தெரிகிறதன்றோ! 1809-ல் வந்த ‘திருமதி லெஸ்டரின் பள்ளி’ என்னும் நூலில் பத்துக் கதைகள், ஏழு மேரியுடையவை. பள்ளிச் சிறுமிகள் தத்தம் வாழ்க்கையைத் தாமே சொல்லுவதாக அவை அமைந்துள்ளன. 1815-ல் புனைபெயரில் தையல் தொழிலைப் பற்றி ஒரு கட்டுரையும் வெளியிட்டார். வசதியுள்ள பெண்கள் வீட்டில் வீணே தைத்துக்கொண்டிருப்பது, ஊசியால் பிழைக்கும் ஏழைப் பெண்களின் கூலியைக் கெடுக்கிறதென்று அதில் வாதாடினார்.

பைத்தியமும் மேதைமையும் உடன்பிறந்தவை என்று சிலர் மெச்சிப் பேசுவர். எனக்கு அது உடன்பாடன்று. இரண்டையும் ஒரே கூரையின் கீழ்க் கண்ட சார்லஸ் லாமே, மெய்யான மேதையின் சித்தம் தெளிவானது என்று 1826-ம் வருஷம் ஒரு கட்டுரை எழுதினார். மேரியின் நோய் அவர் கதைகளை எழுதவில்லை. நோய் விட்டுவைத்த நாட்களில், உறக்கமும் ஓய்வும் ஒரு துணையும் கிடைத்தபோது மேரியே எழுதினார். அக்காலத்து மருத்துவத்தால் இவற்றுக்கு மேல் அவருக்குக் கிடைத்தது சொற்பமே.

1807-ல் வில்லியம் காட்வின் பிரசுரித்த முதற் பதிப்பின் முகப்பில் மேரியின் பெயர் இல்லை. அது அச்சேறியது 1838-ம் வருஷத்து ஏழாம் பதிப்பில்தான். அதைக் காணச் சார்லஸ் இல்லை. 1834-ம் வருஷம் டிசம்பர் மாதம் மாண்டுவிட்டார். நோய் நீளமாகவும் தெளிவு குறைவாகவும் மேரி இன்னும் 12 வருஷங்கள் வாழ்ந்து, 1847-ம் வருஷம் மே மாதம் 82-வது வயதில் காலமானார். எட்மன்டன் தேவாலயத்து மயானத்தில் தம்பியைப் புதைத்த அதே குழியில் அவரையும் அடக்கம் செய்தனர்.