இடக்கைப் பிள்ளையும் பேஸ் கிட்டாரும்



என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "சார், பொண்ணு இடது கைக்காரி. பேஸ் கிட்டார் கத்துக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. இடக்கை கிட்டார் கிடைக்கிறது கஷ்டம், சோத்துக்கையிலயே பழகட்டும்னு கிளாஸ்ல சொல்றாங்க. என்ன பண்ணலாம்?"

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வரலாறு சொல்லத் தெரியும். பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1942-இல் பிறந்தவர் பால் மக்கார்ட்னி. பதினான்காவது பிறந்தநாளுக்கு அப்பா ஒரு டிரம்பெட் வாங்கிக் கொடுத்தார். அதை ஊதிக்கொண்டே பாட முடியாதே! பையன் அதைக் கடையில் கொடுத்துவிட்டு ஜெனித் என்ற கிட்டாரை வாங்கி வந்தான். எல்லோரையும் போலப் பிடித்துப் பார்த்தான், கை வரவில்லை. தாளம் தட்ட வேண்டிய கை தந்தியை அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு ஸ்லிம் விட்மன் என்ற அமெரிக்கப் பாடகரின் படத்தைப் பார்த்தான். அவர் கிட்டாரை மறுபுறமாகப் பிடித்திருந்தார். அப்போதுதான் விஷயம் விளங்கியது. இதில் ஒரு வேடிக்கை: விட்மன் பிறவியில் வலது கைக்காரர். வேலையிடத்து விபத்தில் இடக்கை விரலில் பெரும்பகுதி போனதால் மாற்றிப் பிடித்தவர்.

கிட்டாரைத் திருப்பிப் பிடித்தால் மட்டும் போதாது. பேஸ் கிட்டாரில் நான்கு தந்திகள். தடித்தது மேலே, மெல்லியது கீழே. திருப்பினால் தடித்தது கீழே வந்துவிடும். எனவே தந்திகளைக் கழற்றி வரிசை மாற்றிக் கட்ட வேண்டும். ஆனால் கழுத்தின் முனையில் தந்தி உட்காரும் பள்ளங்கள் அந்தந்தத் தடிமனுக்கு வெட்டியவை. தடித்த தந்தி சின்னப் பள்ளத்தில் இறங்காது, மெல்லியது பெரிய பள்ளத்தில் ஆடும். அந்தத் துண்டையே மாற்ற வேண்டிவரும்.

பீட்டில்ஸ் குழுவில் முதலில் பேஸ் வாசித்தவர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் என்ற ஓவியர். 1961-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் அவர் குழுவிலிருந்து விலக, அந்த வேலை மக்கார்ட்னி தலையில் விழுந்தது. ஃபெண்டர் பேஸ் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. ஹாம்பர்க் கடையொன்றில் சுமார் 30 பவுனுக்கு ஹோஃப்னர் கம்பெனியின் பேஸ் கிடைத்தது, இடது கைக்கென்றே செய்தது. அதன் உடல் வயலின் வடிவம், இரு பக்கமும் ஒரே மாதிரி. மற்ற கிட்டார்களில் ஒரு பக்கம் வெட்டு இருக்கும், திருப்பிப் பிடித்தால் கோணலாகத் தெரியும். இதில் அந்தச் சங்கடம் இல்லை என்பதே தனக்குப் பிடித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஹோஃப்னர் குடும்பம் 1887 முதல் வயலின் செய்தவர்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டபோது பவேரியாவுக்குப் போய்ப் பட்டறையை மறுபடி தொடங்கினார்கள். வயலின் வடிவம் அந்தக் கைப்பழக்கத்தில் வந்தது.

அதே குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரும் பிறவியில் இடது கைக்காரர். அவருடைய பாட்டி வலக்கைக்கு மாற்றிவிட்டார். வலக்கைக்காரர்களுக்கு அடுக்கிய டிரம்ஸில் இடக்கையை முன்னால் விட்டு வாசிப்பார். அதனால்தான் அவர் அடி மற்றவர்கள் அடி மாதிரி இருக்காது.

நம் ஊரிலும் உண்டு. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டுமென்றால் அவர் மறுபக்கம் உட்கார வேண்டும், வயலின்காரரும் இடம் மாற வேண்டும். எல்லோரும் இதற்கு இசையவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றவர்கள் துணை நின்றதால் அவருக்கு மேடை கிடைத்தது.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியர் இடக்கையால் எழுதும் பிள்ளையின் விரல் கணுவில் ஸ்கேலால் தட்டுவார். ஒரு பையன் ஒரே பருவத்தில் கை மாறிவிட்டான். கையெழுத்து சுமாராக வந்தது. அதற்குப் பிறகு வகுப்பில் கேள்வி கேட்டால் அவன் கை தூக்கவே இல்லை. மூன்றாம் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பான். அவன் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே தம்பி, முதலில் பிள்ளை கையில் ஒரு துடைப்பக்கட்டையைக் கொடுத்துக் கிட்டார் வாசிக்கிற மாதிரி நடிக்கச் சொல். எந்தக் கை தானாகத் தட்டுகிறதோ அதுதான் அவள் கை. வலக்கையில் தட்டினால் வழக்கமான கிட்டாரே போதும், இடது கைக்காரர்கள் பலர் அப்படியும் வாசிக்கிறார்கள். இடக்கையில் தட்டினால் இடக்கை பேஸே வாங்கு. ரகம் குறைவு, சொல்லிவைத்து வரவழைக்க நேரலாம், விலையும் கொஞ்சம் கூடலாம். காத்திருங்கள்.

அந்த 1961 ஹோஃப்னர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1972 அக்டோபரில் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தகவலே இல்லை. சிலர் விடாமல் தேடியதில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. திரும்பக் கிடைத்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. அந்த டிசம்பரில் லண்டன் ஓ2 அரங்கில் 82 வயது மக்கார்ட்னி அதை மாட்டிக்கொண்டு வாசித்தார். அதே இரவில் வேறு பாடல்களுக்கு டிரம்ஸில் வந்து உட்கார்ந்தவர், பாட்டி கை மாற்றிவிட்ட அதே ரிங்கோ.