ஊர்ப்பள்ளியை எதனால் அளப்பது?

"நம்மூர்ப் பள்ளி நல்ல பள்ளிதானா?" ஜூன் மாதம் நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் நெஞ்சில் எழும் கேள்வி இது. கேள்வி எளியது, விடை எளியதன்று. ஒருவர் கட்டடத்தைச் சுட்டிக்காட்டுவார். ஒருவர் தேர்ச்சி விழுக்காட்டைச் சொல்வார். மற்றொருவர் குழந்தை ஆங்கிலப் பாட்டொன்றை ஒப்பிப்பதைக் கேட்டு மனநிறைவு அடைவார். இந்த அளவுகோல்கள் எங்கிருந்து வந்தன, யாருடைய தேவைக்காக ஆக்கப்பட்டன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

தொடக்கப் பள்ளிகளை அளந்து மதிப்பிடும் முயற்சிக்கு நம் நாட்டில் இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அதனைப் புரட்டிப் பார்ப்போருக்கு ஓர் உண்மை புலப்படும். ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டியதையே எண்ணிற்று. எண்ணிக்கையில் சேராத பிள்ளை ஒன்று எக்காலத்திலும் வாயிலுக்கு வெளியே நின்றது.

தலைகளை எண்ணிய காலம்

சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரும் தம் எல்லைக்குள் எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்தனை மாணவர் பயில்கின்றனர் என்று கணக்கெடுத்து அனுப்ப வேண்டும் என்பதே அது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1826 மார்ச்சில், மன்றோ அக்கணக்கைத் தொகுத்துக் குறிப்பெழுதினார். ஏறத்தாழ 1 கோடியே 28 இலட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,000-க்கு மேற்பட்ட மாணவரும் இருந்தனர். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது அவர் கண்ட விகிதம்.

அப்பள்ளிகளுள் பெரும்பாலானவை நம் முன்னோர் அறிந்த திண்ணைப் பள்ளிகளே. மணலில் விரலால் எழுதிப் பழகி, பின் ஓலையில் எழுத்தாணி பிடித்து, ஆத்திசூடியும் எண்சுவடியும் மனப்பாடமாக்கி, சட்டாம்பிள்ளையின் கண்காணிப்பில் பிள்ளைகள் கற்றனர். காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் இந்த ஆவணங்களைத் திரட்டி 1983-இல் நூலாக வெளியிட்டபோது, ஆங்கிலேயர் வருமுன் நம் நாட்டில் கல்வியே இல்லை என்ற எண்ணம் தகர்ந்தது. தமிழ்ப் பகுதிகளில் அந்தணரல்லாத பிள்ளைகளே மிகுதியாகப் பயின்றனர் என்பதும் வெளிப்பட்டது. இஃது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி.

ஆயினும், அதே கணக்கின் மறுபக்கத்தையும் நாம் வாசிக்க வேண்டும். அத்தனை மாணவருள் பெண் பிள்ளைகள் 5,000-க்கும் குறைவு. தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அந்தப் படிவத்தில் தனிப் பத்தியே இல்லை. 'பிற சாதியார்' என்ற ஒரே தலைப்பில் எல்லாரும் அடங்கினர். திண்ணையின் மேல் அமர்ந்த பிள்ளையைக் கணக்கு கண்டது. திண்ணையில் ஏற இடம்பெறாத பிள்ளையைக் காணவில்லை.

மன்றோ வேறொன்றையும் குறித்து வைத்தார். ஆசிரியர் மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்றும், அத்தொகைக்குத் தகுதியுள்ளோர் இத்தொழிலை நாடமாட்டார்கள் என்றும் எழுதினார். பள்ளியின் தரம் ஆசிரியரின் வாழ்வோடு பின்னிக் கிடக்கிறது என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

தேர்ச்சிக்குக் கூலி

1854-ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்க வழி திறந்தது. திருச்சபையின் பள்ளிகளும் அம்மானியத்தைப் பெற்றன. நமக்குப் பள்ளிப் பணி புதிதன்று. முத்துக்குளித்துறையில் புனித சவேரியார் 1542 முதல் மணியடித்துக் குழந்தைகளைக் கூட்டி மறையுண்மைகளைக் கற்பித்தார். தத்துவ போதகர் 1606-இல் மதுரைக்கு வருமுன்னரே அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகள் சிறு பள்ளியொன்றை நடத்தி வந்தார். ஆனால் அரசின் பணம் வந்தபோது, அரசின் அளவுகோலும் உடன் வந்தது.

இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ என்ற அமைச்சர் ஒரு திட்டத்தை நடைமுறைப்படுத்தினார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் ஆய்வாளர் சோதிப்பார். தேறும் ஒவ்வொரு பாடத்திற்கும் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் பள்ளிக்குக் கிடைக்கும். தவறினால் அத்தொகை இல்லை. 'தேர்ச்சிக்கேற்ற ஊதியம்' எனப்பட்ட இம்முறை அதே பத்தாண்டிலேயே கடல் கடந்து சென்னை மாகாணத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 1882-இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக் குழுவும் தொடக்கப் பள்ளிகளுக்கு இது ஏற்றதென்றே பரிந்துரைத்தது.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இதில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். வேலைக்கேற்ற கூலிதானே! ஆனால் ஆசிரியரின் நிலையில் நின்று பார்ப்போம். ஆண்டுக்கு ஒருநாள் வரும் ஆய்வாளரின் சொல்லில் அவருடைய அடுப்பு எரிவதும் அணைவதும் அடங்கியிருக்கிறது. எந்தப் பிள்ளைமேல் அவர் உழைப்பைச் செலவிடுவார்? சற்றே தள்ளினால் தேறிவிடும் பிள்ளைமேல்தான். தானே தேறும் பிள்ளைக்கு அவர் தேவையில்லை. தேறவே மாட்டான் என்று தோன்றும் பிள்ளையால் அவருக்குப் பயனில்லை. அளவுகோல் ஒன்றே ஒரு நல்ல மனிதரின் கண்ணை ஏழைப் பிள்ளையிடமிருந்து திருப்பிவிட்டது.

கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மத்தேயு ஆர்னால்டு, இம்முறை கல்வியை இயந்திரமாக்குகிறது என்று தம் அறிக்கைகளில் இடித்துரைத்தார். இங்கிலாந்தின் தலைமை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற எட்மண்ட் ஹோம்ஸ், தாம் பணியாற்றிய அமைப்பின் கேடுகளை 1911-இல் நூலாகவே எழுதினார். இந்தியாவில் கர்சன் பிரபுவின் அரசு 1904-ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் இம்முறையைப் புறந்தள்ளியது. இதற்கிடையே, 1893-இல், 'பஞ்சமர்' என்றழைக்கப்பட்ட மக்களின் கல்விக்கெனச் சென்னை அரசு தனிச் சலுகைகளை அறிவிக்க வேண்டியிருந்தது. பொதுவான அளவுகோல் அவர்களை எட்டவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பசியை எண்ணிய காலம்

இருபதாம் நூற்றாண்டில் தமிழகம் வேறொரு கேள்வியைக் கேட்கத் தொடங்கிற்று. வந்த பிள்ளை எவ்வளவு கற்றது என்பதற்கு முன், வராத பிள்ளை ஏன் வரவில்லை என்பதே அக்கேள்வி. 1920-இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க முன்வந்தது. 1953-இல் அரை நாள் பள்ளி, அரை நாள் பெற்றோரின் தொழில் என்ற திட்டம் வந்தபோது, குலத்தொழிலோடு பிள்ளையைக் கட்டிப்போடுவதா என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. 1954-இல் முதலமைச்சரான காமராசர் ஊர்தோறும் பள்ளி திறந்ததையும், 1956-இல் மதிய உணவைத் தொடங்கியதையும் நாம் அறிவோம். எம்.ஜி.ஆர். 1982-இல் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது.

இதனைக் கருணை என்று மட்டும் சொல்லி முடிப்பது போதாது. பள்ளியின் தரத்தை அளக்கும் முறையே இங்கு மாறிற்று. வெறும் வயிற்றோடு அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் கணக்குத் தெரியவில்லையென்றால் குறை பிள்ளையிடம் இல்லை. வயிற்றைக் கேட்காமல் மூளையை அளப்பது நீதியன்று என்பதை, எழுதப் படிக்க அதிகம் வாய்ப்புப் பெறாத ஒரு தலைவர் நாட்டுக்குக் கற்பித்தார்.

பார்பியானாவின் கணக்கு

இக்கேள்வியை அதன் வேர்வரை கொண்டுசென்றவர் இத்தாலி நாட்டுப் பங்குத்தந்தை ஒருவர். அருள்தந்தை லொரென்சோ மிலானி 1923-இல் பிளாரன்சு நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். மேலிடத்தாரின் மனத்தாங்கலுக்கு ஆளாகி, 1954 டிசம்பரில் பார்பியானா என்னும் மலைச் சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த உழவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் தோல்வியுற்று வீடு திரும்பியவர்கள். அவர்களைக் கோவில் இல்லத்தில் கூட்டி அவர் பள்ளி நடத்தினார். ஆண்டு முழுவதும் விடுமுறை கிடையாது, மூத்தவர் இளையவருக்குக் கற்பிப்பர், பின்தங்கியவனுக்கே முதலிடம். 'ஐ கேர்' என்ற ஆங்கிலச் சொற்கள் அப்பள்ளிச் சுவரில் எழுதப்பட்டிருந்தன. 'எனக்கு அக்கறை உண்டு' என்பது அதன் பொருள்.

1967-இல் அப்பள்ளி மாணவர் எண்மர் சேர்ந்து, 'ஆசிரியைக்கு ஒரு கடிதம்' என்ற நூலை வெளியிட்டனர். அதில் அழுகை குறைவு; கணக்கு அதிகம். எந்த வகுப்பில் எத்தனை பேர் தோல்வியுற்றனர், அவர்களுடைய தந்தையர் என்ன தொழில் செய்தனர் என்று அவர்கள் எண்ணினர். தோற்றோரும் பள்ளியை விட்டு நின்றோரும் பெரிதும் உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளே என்று காட்டினர். கட்டாயக் கல்வி தரும் பள்ளி, தான் இழக்கும் பிள்ளைகளால் மதிப்பிடப்பட வேண்டும் என்பதே அந்நூலின் உட்பொருள். நூல் வெளிவந்த சில வாரங்களில், ஜூன் 26 அன்று, மிலானி அடிகளார் இறைவனடி சேர்ந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017 ஜூன் 20 அன்று, திருத்தந்தை பிரான்சிசு பார்பியானா சென்று அவர் கல்லறையில் செபித்தார்.

வீட்டு வாயிலில் நின்ற அளவுகோல்

நம் நாட்டில் 2005 முதல் 'ஏசர்' என்னும் ஆய்வு நடந்து வருகிறது. தன்னார்வலர்கள் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று, பிள்ளை கையில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்கின்றனர். பள்ளியில் அளந்தால் அன்று வந்த பிள்ளை மட்டுமே அகப்படும். வீட்டில் அளந்தால் வராத பிள்ளையும் அகப்படும். அதுவே இந்த ஆய்வின் சிறப்பு. கிராமப்புற இந்தியாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வல்லவர் 2018-இல் 27.3 விழுக்காடு. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், 2022-இல், அது 20.5 ஆகக் குறைந்தது. 2024-இல் மீண்டும் 27.1-ஐ எட்டியது. தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யும், 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அந்த இழப்பை ஈடுசெய்ய எடுக்கப்பட்ட முயற்சிகளே.

பழைய அளவுகோலுக்கு ஆயுள் கெட்டி. ஐந்தாம் வகுப்புக்கே பொதுத்தேர்வு என்று 2019-இல் தமிழகத்தில் அறிவிப்பு வந்தது. பெற்றோரும் ஆசிரியரும் எதிர்த்ததால் 2020 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. பத்து வயதுப் பிள்ளையைத் தேர்வால் வடிகட்டினால் அடியில் தங்குவோர் யார் என்பதைப் பார்பியானா ஏற்கெனவே எண்ணிக் காட்டிவிட்டது.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே ஊர்ப்பள்ளியை மதிப்பிடச் செல்லும் இறைமக்கள் எதைக் கேட்பது? முதலாவதாக, வருகைப் பதிவேட்டில் அடிக்கடி விடுபடும் பெயர் யாருடையது, அப்பிள்ளையின் வீட்டுக்கு யாராவது சென்றனரா என்று கேட்போம். இரண்டாவதாக, முதல் பெஞ்சுப் பிள்ளையை விட்டுவிட்டு, கடைசியில் அமர்ந்திருக்கும் பிள்ளையை முன்பின் படித்திராத ஒரு பத்தியை வாசிக்கச் சொல்வோம். மூன்றாவதாக, ஐந்து வகுப்புகளுக்கு எத்தனை ஆசிரியர் என்று எண்ணுவோம். அறுபது பிள்ளைகள் வரை இருவர் போதும் என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். ஐந்து வகுப்பை இருவர் சுமக்கும் பள்ளியில், ஆசிரியரைக் குறை கூறுமுன் அவர் சுமையை அறிவது அறம். நான்காவதாக, பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீருள்ள கழிப்பறை உண்டா என்றும், உணவு வேளையில் யார் யாருடன் அமர்கின்றனர் என்றும் பார்ப்போம். திண்ணைக் காலத்துக் கோடு சாப்பாட்டு வரிசையில் இன்னும் ஓடுகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கைப் பெற்றோருக்கும், உறுப்பினருள் பாதியைப் பெண்களுக்கும் அளித்துள்ளது. அக்கூட்டத்தில் நம் பங்கு மக்கள் அமர்கின்றனரா? தம் பிள்ளையை வேன் ஏற்றித் தொலைவிலுள்ள பள்ளிக்கு அனுப்பிவிட்டவர்கள், ஊர்ப்பள்ளி இனி தமக்குத் தொடர்பில்லாதது என்று எண்ணலாம். ஆனால் வேனுக்குக் கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளை இன்னும் அங்கேதான் இருக்கிறது. கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் விலகிச் செல்லச் செல்ல, கேட்பாரற்ற பிள்ளைகளின் கூடமாக அப்பள்ளி மாறிவிடும். நம் மறைமாவட்டத் தொடக்கப் பள்ளிகளை நோக்கியும் இதே கேள்விகள் எழுப்பப்பட வேண்டும். வாயிலில் தொங்கும் நூறு விழுக்காட்டுப் பதாகை அவற்றுக்கு விடையாகாது.

நற்செய்தியில் ஓர் ஆயனைக் காண்கிறோம். அவனிடம் இருந்த நூறு ஆடுகளுள் தொண்ணூற்றொன்பது பத்திரமாக இருந்தன. நம் தேர்ச்சிக் கணக்குப்படி அது தொண்ணூற்றொன்பது விழுக்காடு. பாராட்டு விழா எடுக்கத் தகுந்த வெற்றி. அந்த ஆயன் ஒருவனுக்கே அது இழப்பாகத் தெரிந்தது. அவன் கைத்தடியை எடுத்துக்கொண்டு மலைக்குப் புறப்பட்டான். ஊர்ப்பள்ளியின் வாயிலில் நாம் நிற்கும்போது, நம் கையில் இருக்க வேண்டிய அளவுகோல் அந்தக் கைத்தடிதான்.