ஏலக்காய் ரொட்டியும் எங்க அம்மாச்சியும்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபிஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். இப்போ ஆன்சைட், ஸ்வீடன்ல கோத்தன்பர்க் நகரத்துல குப்பை கொட்டிட்டு இருக்கேன். டிசம்பர்ல இங்க மூன்றரை மணிக்கே சூரியன் கடையைக் கட்டிடுவார். அந்தப் புலம்பலை இன்னொரு நாள் வச்சுக்கலாம். இது அவன்ல வெந்த ஒரு ரொட்டியைப் பத்தின வரலாற்றுப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

எங்க டீம்ல டெஸ்டிங் பாக்குற அம்மணி ஒருத்தர், வயசு ஐம்பதுக்கு மேல. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைகள்ல வீட்டோட சேர்ந்து பலகாரம் சுடுறது இங்க வழக்கம். "தனியாத்தானே இருக்கே, வா"ன்னு கூப்பிட்டாங்க. நம்ம தீபாவளி முறுக்குப் பட்டறை மாதிரியே இருந்துச்சு. ஒருத்தர் மாவு பிசைய, ஒருத்தர் உருட்ட, குட்டீஸ் எல்லாம் பச்சை மாவைத் திங்க :-)

அம்மணி ஒரு சின்னக் கல்லுரலை எடுத்துக் கறுப்பா எதையோ இடிக்க ஆரம்பிச்சாங்க. குப்புன்னு பாயச வாசனை. ஏலக்காய்! தோலை எல்லாம் நீக்கி, வெறும் விதையை மட்டும் ஒண்ணு ரெண்டா இடிக்கிறாங்க. நம்மள மாதிரி சர்க்கரை போட்டு மாவா அரைக்கிறதில்ல. கடிக்கிறப்போ பல்லுல படணுமாம். அவங்க அம்மா நார்வேக்காரங்க. அந்த ஊரு கிறிஸ்துமஸ் ரொட்டியான 'யூலேகாகே'வுக்குத்தான் இந்த இடிப்பு. வெண்ணெய், பால், உலர் திராட்சை, சர்க்கரைப் பாகுல ஊறின நாரத்தைத் தோல் எல்லாம் சேர்ந்த இனிப்பு ரொட்டி.

"இதுதான் எங்க கிறிஸ்துமஸோட வாசனை. ஆயிரம் வருஷம் முன்னாடி வைக்கிங்குகள் கான்ஸ்டான்டிநோபிள்ல இருந்து கொண்டு வந்தது"ன்னாங்க.

நமக்குச் சும்மா இருக்க முடியுமா? "இது எங்க ஊருதுங்க! எங்க போடி மலையில விளையிறது!"ன்னு காலரைத் தூக்கி விட்டேன்.

"அப்படியா! அது எப்படி இருக்கும்? மரமா, கொடியா? காய் எங்க காய்க்கும்?"

நான் ஙே. மலைக்குக் கீழேயே பொறந்து வளர்ந்தவனுக்குப் பதில் தெரியல. "செடி மாதிரி... கொஞ்சம் பெருசா..."ன்னு வழிஞ்சுட்டு, திராட்சை எடுத்துத் தர்ற சாக்குல நகர்ந்துட்டேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அவங்க சொன்னது சரியா, நான் சொன்னது சரியான்னு தோண்ட ஆரம்பிச்சதோட விளைவுதான் இந்தப் பதிவு.

முதல்ல வைக்கிங் கதை. அவங்க கான்ஸ்டான்டிநோபிள் வரைக்கும் போனது உண்மை. அங்க பேரரசருக்கு மெய்க்காப்பாளர் படையாவே இருந்திருக்காங்க. ஆனா வரும்போது ஏலக்காய் கட்டிக்கிட்டு வந்ததுக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆதாரம்னு கையில சிக்குறது கி.பி. 1300 வாக்குல டேனிஷ் மொழியில எழுதின சமையல் ஏடு. அதுல பிரபுக்களுக்குன்னு ஒரு சாஸ். கிராம்பு, ஜாதிக்காய், ஏலக்காய், மிளகு, பட்டை, இஞ்சி எல்லாம் உண்டு. கவனிங்க, ரொட்டி இல்ல, சாஸ். அதுவும் பிரபுக்களுக்கு. சாதாரணக் குடியானவன் வீட்டுல தினப்படிக்கு ரை, பார்லி மாவுல செஞ்ச காய்ஞ்ச ரொட்டிதான். கோதுமை ரொட்டிங்கிறது பண்டிகைப் பண்டம், நம்ம ஊருல ஒரு காலத்துல நெல்லுச்சோறு இருந்த மாதிரி.

அப்போ இந்த 'பாரம்பரிய' பலகாரம் எல்லாம் எப்போ வீட்டுக்குள்ள வந்துச்சு? 19ம் நூற்றாண்டுலதான் பெருசா. மூணு காரணம். ஒண்ணு, இரும்பு அடுப்பு. அதுவரைக்கும் ரொட்டி சுடுற பெரிய அடுப்பை எப்போவாவது ஒரு தடவை மூட்டி மாசக்கணக்குக்குச் சுட்டு வச்சுக்குவாங்க. அவனோட சேர்ந்த இரும்பு அடுப்பு வந்ததும் நினைச்ச நேரத்துல ஒரு தட்டு பிஸ்கட் போட முடிஞ்சுது. ரெண்டு, பீட்ரூட் ஜாதிக் கிழங்குல இருந்து சர்க்கரை எடுக்க ஆரம்பிச்சு விலை குறைஞ்சது. மூணு, காபி. ஸ்வீடன் அரசாங்கம் 1756ல காபிக்குத் தடை போட்டு, அப்புறம் 1820கள் வரைக்கும் எடுக்குறதும் போடுறதுமாவே இருந்துச்சு. தடை ஒழிஞ்சதும் ஜனங்க காபியைப் பிடிச்சது பிடிச்சதுதான், இன்னும் விடல.

காபிக்குக் கூப்பிட்டா பக்கத்துல பலகாரம் வைக்கணும். எத்தனை வகை? ஏழு. ஏழுக்குக் கம்மின்னா கஞ்சப்பிசினாறி, அதிகம்னா பீத்தல்! 1945ல 'ஏழு வகைப் பலகாரம்'னு அர்த்தம் வர்ற பேருல வந்த சமையல் புத்தகம் இன்னிக்கும் வீட்டுக்கு வீடு இருக்கு. தீபாவளித் தட்டுல எத்தனை அயிட்டம்னு எண்ணிப் பாக்குற நம்ம மாமிகளை நினைச்சுச் சிரிச்சுக்கிட்டேன்.

அந்தத் தட்டுல முக்கியமானது 'பெப்பர்காக்கூர்'. மெல்லிசான இஞ்சி பிஸ்கட். பேருல பெப்பர், அதாவது மிளகு இருக்கு. இப்போ பெரும்பாலான வீட்டுல மிளகு போடுறதில்ல. ஒரு காலத்துல ஜெர்மன் பக்கம் மிளகுன்னாலே வாசனைச் சரக்கு எல்லாத்துக்கும் பொதுப்பேரு. அந்தப் பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு. 15ம் நூற்றாண்டுல வாட்ஸ்டேனா மடத்துக் கன்னியாஸ்திரிகள் இதை ஜீரணத்துக்கு மருந்தாச் சுட்டாங்களாம். நம்ம சுக்கு, மிளகு, திப்பிலிக் கதையேதான்.

இந்த மிளகு ஆசைதான் டேனிஷ்காரனை நம்ம கடற்கரைக்கே கூட்டிட்டு வந்துச்சு. அரசர் நாலாம் கிறிஸ்டியன் 1616ல கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பிச்சார். இலங்கையில கால் ஊன்றலாம்னு கிளம்பின கப்பல் கூட்டம், அது நடக்காம 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில கோட்டை கட்டுச்சு. 1845ல ஆங்கிலேயருக்கு விக்கிற வரைக்கும் அது அவங்க ஊரு. ஸ்கூல் டூர்ல அந்தக் கோட்டைச் சுவர்ல உக்காந்து புளிசாதம் தின்னப்போ, இதுக்கும் கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு யாரு கண்டா?

மஞ்சளா S வடிவத்துல சுருட்டி, ரெண்டு சுருள்லயும் ஒவ்வொரு திராட்சை வச்சது 'லுஸ்ஸேகத்'. டிசம்பர் 13, புனித லூசியா நாளுக்கான குங்குமப்பூ பன். ஏன் 13? பழைய காலண்டர் படி வருஷத்துலயே நீளமான ராத்திரி அதுதான்னு இங்க நம்பிக்கை. 1753ல ஸ்வீடன் காலண்டரை மாத்துச்சு. நீளமான ராத்திரி 21ம் தேதிப் பக்கம் போயிடுச்சு, பண்டிகை மட்டும் 13லயே நின்னுடுச்சு. குங்குமப்பூ அரை கிராம் பொட்டலமா வரும். பல கடைகள்ல கல்லாவுல கேட்டாத்தான் கிடைக்கும், திருட்டுப் பயம்!

ஆர்வக்கோளாறுல அடுத்த வாரம் நானே யூலேகாகேவுக்கு மாவு பிசைஞ்சேன். அரை லிட்டர் பால், 50 கிராம் ஈஸ்ட் கட்டி. பால் கைபொறுக்குற சூட்டுல இருக்கணும். நான் காபிக்குக் காய்ச்சுற மாதிரி காய்ச்சி ஊத்த, ஈஸ்ட் பரலோகம் போயிடுச்சு. அவன்ல இருந்து வந்தது ரொட்டி இல்ல, செங்கல். ரெண்டாவது தடவை ஏலக்காய் தீந்துபோய்க் கடைக்கு ஓடினேன். பாட்டிலைத் திருப்பிப் பாத்தா, விளைந்த நாடு: குவாத்தமாலா.

காலரைத் தூக்கினது நினைவு வந்து கூசிடுச்சு. 20ம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஒரு ஜெர்மானிய காபி எஸ்டேட்காரர் மூலமா அங்க போன செடி. கோபான் பக்க மலையில நல்லாப் பிடிச்சுக்கிச்சு. 1980கள்ல ஏற்றுமதியில குவாத்தமாலா இந்தியாவை முந்திடுச்சு. ஆக அம்மணி சொன்ன வைக்கிங்கும் வரல, நான் சொன்ன போடியும் வரல. அந்த ரொட்டியில இருந்தது முகம் தெரியாத யாரோ குவாத்தமாலாக்காரரோட உழைப்பு.

ரெண்டாவது ரொட்டி நல்லா உப்பி வந்துச்சு. அம்மாச்சிக்கு வாட்ஸப்ல காட்டினேன். எங்க அம்மாச்சி இருபது வருஷத்துக்கு மேல ஏலத்தோட்டத்துல காய் எடுத்தவங்க. விடியுறதுக்கு முன்னாடி ஜீப்புல நெருக்கியடிச்சு போடிமெட்டு ஏறி, இருட்டினப்புறம் வீடு வருவாங்க. அவங்ககிட்டயே கேட்டுட்டேன், காய் எங்க காய்க்கும்னு.

"இது தெரியாதாய்யா ஒனக்கு? செடி ஆள் ஒசரத்துக்கு மேல நிக்கும். காய் மேல இல்லய்யா, அடித்தூருல, மண்ணோட மண்ணாக் கெடக்குற சரத்துல காய்க்கும். நாள் முச்சூடும் குனிஞ்சுதான் எடுக்கணும். பழுத்ததாப் பாத்து எடுக்கணும். அட்டை கடிக்கும்."

நாலஞ்சு கிலோ பச்சைக்காய் காய்ஞ்சாத்தான் ஒரு கிலோ தேறும்னும் சொன்னாங்க. "அப்போ நம்ம வீட்டுல ஏலக்காய்க்குப் பஞ்சமே இருந்திருக்காதே?"ன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "சாயங்காலம் மடியை ஒதறிக் காட்டிட்டுத்தான்யா ஜீப்புல ஏற விடுவாக. பொங்கலுக்கு அம்பது பைசாவுக்குக் கடையில வாங்குவேன்"னாங்க.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. 'எங்க ஊருது'ன்னு அன்னிக்கு அவ்வளவு சத்தமாச் சொன்னேன்.

அவங்களே பேச்சை மாத்தினாங்க. "அந்த வெள்ளைக்காரம்மா தோலை என்ன செஞ்சுச்சு?"

"குப்பையில போட்டுட்டாங்க அம்மாச்சி."

"அடப்பாவிகளா! டீயில போடச் சொல்லுய்யா."

திங்கக்கிழமை அம்மணிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். செடி, அடித்தூர், சரம், அட்டை, மடி. ஃபீகா, அதாவது காபி இடைவேளை, முடிஞ்சும் ரொம்ப நேரம் கேட்டுட்டு இருந்தாங்க. வைக்கிங்கைப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கல. மறுநாள் என் மேசையில ஒரு சின்ன டப்பா இருந்துச்சு. உள்ள ஏலக்காய்த் தோல்.

டிஸ்கி: செங்கல் இன்னும் சமையல்கட்டுல கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டு இருக்கு. உங்க வீட்டுலயும் காய் எடுத்தவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, கேட்டுக்கிறேன் :-)