வளைவுக்கு அந்தப் பக்கம்: ஜொகூர் கடலோரச் சாலைகளும் ஒரு பழைய பயமும்

மெர்சிங் போய்த் தியோமான் தீவுக்குப் படகு பிடிக்க நினைக்கும் சென்னைக்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் முதலில் கேட்பது கடலைப் பற்றி அல்ல. "ரோடு எப்படி? நாமே ஓட்டிடலாமா, இல்ல டிரைவரோட வேன் எடுத்துக்கறது நல்லதா?" என்றுதான் கேட்கிறார்கள். ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங் சுமார் 130 கிலோமீட்டர். கோத்தா திங்கியைத் தாண்டினால் போக ஒரு தடம், வர ஒரு தடம். இரு பக்கமும் காடு அல்லது செம்பனைத் தோட்டம். யானை கடக்கும் இடம் என்று எச்சரிக்கும் பலகைகள். இருட்டிவிட்டால் நம் கார் விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் அதிகம் இருக்காது. பின்னால் மரமோ செம்பனைக் குலையோ ஏற்றிய லோரி ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு ஒட்டி வரும். ஊர் புதிது, கார் வாடகைக் கார் என்றால் கை வியர்ப்பது இயல்புதான்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும், ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளையும் ஓட்டிப் பழகியவருக்கு இந்தச் சாலை ஒன்றுமில்லை என்று சொல்லலாம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம் என்ற மலைப்பாதை இல்லை இது. இந்தியாவைப் போலவே இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். "கடலோரச் சாலை" என்று பெயர் இருந்தாலும், மெர்சிங்கை நெருங்கும்வரை கடல் கண்ணில் படுவதே அரிது. அப்படியிருந்தும் பயம் வருகிறது என்றால், காரணம் சரிவு அல்ல. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாததுதான். இந்தத் தெரியாமைக்கு ஜொகூரில் நீண்ட வரலாறு உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜொகூர் சாலைகளால் உருவான நாடு இல்லை, ஆறுகளால் உருவான நாடு. 1587இல் போர்த்துகீசியர்கள் அழித்த ஜொகூர் லாமா, ஜொகூர் ஆற்றின் கரையில் இருந்த தலைநகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெமெங்கோங் இப்ராஹிம் சீனக் குடியேறிகளை வரவழைத்தபோதும் நிலத்தை அளந்து கொடுக்கவில்லை, ஆறுகளைப் பிரித்துக் கொடுத்தார். ஓர் ஆற்றின் கரையில் மிளகும் கம்பீரும் பயிரிட ஒரு தலைவருக்கு அனுமதிச் சீட்டு தரப்படும். அவர் 'காங்சு', அவருடைய படகுத்துறை 'கங்கார்'. தோல் பதனிடவும் வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்ட கம்பீர், ஆற்று வழியே படகில் சிங்கப்பூருக்குப் போனது. கங்கார் புலாய், கங்கார் தெப்ராவ் என்று இன்றும் வரைபடத்தில் நிற்கும் பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம். இந்தக் காங்சு முறை 1917இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

அந்தக் காலத்துப் பயணியின் பயம் கடலைப் பற்றியது. நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையை அறைந்துகொண்டே இருக்கும். சிறு படகுகள் வெளியே போக முடியாது. இன்றும் அந்த மாதங்களில் மெர்சிங் படகுச் சேவை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சாலை வந்ததும் இந்தப் பயம் ஒழியவில்லை, கடலிலிருந்து தரைக்கு ஏறிக்கொண்டது.

சாலையைக் கொண்டுவந்தது ரப்பர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரின் காடுகள் கித்தாத் தோட்டங்களாக மாறத் தொடங்கின. 1909இல் கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில் பாதை முடிந்தது. 1914இல் சுல்தான் இப்ராஹிம் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை முழு அதிகாரத்தோடு ஏற்க வேண்டி வந்தது. ரயில் நாட்டின் நடுவே ஓடியது. கரையோரத் தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் சாலை தேவைப்பட்டது. 1924 ஜூனில் சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டபோது, அந்தச் சாலைகளுக்கு ஒரு முனை கிடைத்தது.

அந்தச் சாலைகளைப் போட்டது யார்? பொறியாளர் துரை வெள்ளைக்காரர். கல் உடைத்தவர்கள், மண் சுமந்தவர்கள், தார் காய்ச்சியவர்கள், பிறகு மழைக்குப் பின் பள்ளத்தை அடைத்தவர்கள் என்று பார்த்தால், மலாயா முழுவதும் பொதுப்பணித் துறையின் சாலைக் கூலிகளில் தமிழர்களே மிகுதி. தோட்டத்துக்குப் போனவர்களைப் போலவே இவர்களும் கங்காணி வழியாகவும் 1907இல் தொடங்கிய இந்தியக் குடியேற்ற நிதியின் இலவசப் பயணச் சீட்டிலும் வந்தவர்கள். சாலையோரத்து லயங்களில் குடியிருந்தார்கள். 1938இல் இந்திய அரசு இந்த உதவிக் குடியேற்றத்தை நிறுத்தும்வரை கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. மலேசியத் தமிழில் மைல் கல்லுக்குக் 'கட்டை' என்று பெயர். "ஏழாங் கட்டையில இறங்கு", "பத்தாங் கட்டைக்காரர்" என்று முகவரியே கட்டையில்தான் இருந்தது. சாலையை அளந்தே வாழ்ந்தவர்களின் சொல் அது.

வளைவுகள் ஏன் என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. மண்வெட்டியும் கூடையும் மட்டுமே கருவி என்றால், குன்றை வெட்டி நேராகப் போவதைவிடச் சுற்றிப் போவது மலிவு. சதுப்பு வந்தால் உயர்ந்த நிலம் தேடி ஒதுங்க வேண்டும். ஆறு வந்தால் அது குறுகும் இடம்வரை போய்ப் பாலம் கட்ட வேண்டும். இடையில் ஒரு தோட்டத்தின் எல்லை வந்தால் அதை ஒட்டித் திரும்ப வேண்டும். அன்றைய மாட்டுவண்டிக்கும் மெதுவாக ஓடிய மோட்டாருக்கும் அந்த வளைவு போதுமானது. பின்னர் மேலே புதுத் தார் போட்டார்கள், சில இடங்களில் அகலமாக்கினார்கள், சில வளைவுகளை நிமிர்த்தினார்கள். ஆனாலும் பல இடங்களில் சாலையின் எலும்புக்கூடு பழையதுதான். 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், கூடை சுமந்தவர்கள் தேர்ந்த பாதையில் திரும்புகிறது.

மேற்குக் கரையில் கதை சற்று வேறு. மூவார், பத்து பஹாட், பொந்தியான் என்று இறங்கும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை தட்டையான, நீர் தேங்கும் மண்ணில் ஓடுகிறது. அங்கே முதலில் வந்தது சாலை அல்ல, 'பாரிட்' என்னும் வடிகால் வாய்க்கால். ஜாவாவிலிருந்தும் பிற தீவுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் சதுப்பைக் கீறி நீரைக் கடலுக்கு வடித்துத் தென்னையும் பாக்கும் வைத்தார்கள். பாரிட் ஜாவா, பாரிட் ராஜா, பாரிட் சுலோங் என்று ஊர்களே வாய்க்காலின் பெயரைச் சுமக்கின்றன. இங்கே சாலையை விட்டுச் சக்கரம் இறங்கினால் பாதாளம் இல்லை, வாய்க்கால். வாய்க்காலை வெட்டியவர்களுக்கு ஊர்ப் பெயரில் இடம் கிடைத்தது. சாலை போட்டவர்களுக்கு அந்தக் கொடுப்பினை அதிகம் இல்லை.

இந்தக் குறுகிய சாலைகள் மிகக் கொடூரமான பொருளில் பொறியானது 1942 ஜனவரியில். ரப்பருக்கும் ஈயத்துக்கும் பிரிட்டிஷார் போட்ட நல்ல தார்ச்சாலைகளில் ஜப்பானியப் படை சைக்கிளிலேயே தெற்கு நோக்கி வந்தது. மூவார் ஆற்றங்கரையைக் காக்க நிறுத்தப்பட்டது 45ஆவது இந்தியப் படைப்பிரிவு. ஜாட், கர்வாலி, ராஜபுதனப் பட்டாளங்கள். அந்த மாதம்தான் மலாயாவில் வந்து இறங்கியிருந்த, பயிற்சி முடியாத இளைஞர்கள் பலர். ஜனவரி 16க்குள் ஜப்பானியர்கள் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். பக்ரியில் இரண்டு ஆஸ்திரேலியப் பட்டாளங்களோடு சேர்ந்து சண்டையிட்ட இந்தப் பிரிவு, ஜனவரி 20 அன்று லெப்டினன்ட் கர்னல் சார்ல்ஸ் ஆண்டர்சன் தலைமையில் பாரிட் சுலோங் வழியாக யோங் பெங் நோக்கிப் பின்வாங்கியது. பிரிகேடியர் டங்கன் அந்தப் பின்வாங்கலில் ஒரு தாக்குதலை முன்நின்று நடத்தி இறந்தார்.

அந்தச் சாலையை மனத்தில் வரைந்து பாருங்கள். ஒற்றைச் சாலை. இரு பக்கமும் சதுப்பு. காயம்பட்டவர்களை ஏற்றிய லோரிகளின் வரிசை. முன்னால், வெட்டிச் சாய்த்த மரங்களால் ஜப்பானியர்கள் போட்ட தடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு தடுப்பை உடைத்துப் போனால் அடுத்தது. வண்டியைத் திருப்ப இடமில்லை, ஒதுங்கவும் இடமில்லை. கடைசியில் பாரிட் சுலோங் பாலத்தை ஜப்பானியர்கள் பிடித்துவைத்திருந்தார்கள். ஜனவரி 22 அன்று ஆண்டர்சன் வண்டிகளை விட்டுவிட்டு, நடக்க முடிந்தவர்களைச் சதுப்பு வழியே தப்பிப் போகச் சொன்னார். சுமார் 900 பேர் பிரிட்டிஷ் அணியை வந்தடைந்தார்கள். நடக்க முடியாமல் விடப்பட்ட ஆஸ்திரேலியர் சுமார் 110 பேரையும் இந்தியர் சுமார் 40 பேரையும் ஜப்பானியர்கள் கொன்றார்கள். இதற்குப் பொறுப்பாளியாகத் தளபதி நிஷிமுரா 1951இல் தூக்கிலிடப்பட்டார். ஆண்டர்சனுக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. அந்த 40 இந்தியர்கள் நம் பேச்சில் அதிகம் வருவதில்லை.

நான்கு நாள் கழித்துக் கிழக்குக் கரையில், இன்று விடுமுறைக்காரர்கள் போகும் அதே மெர்சிங் பாதையில், இன்னொரு சண்டை. ஜப்பானியர்கள் மெர்சிங்கில் இறங்குவார்கள் என்று எதிர்பார்த்து ஆஸ்திரேலியர்கள் அங்கே கண்ணிவெடி புதைத்து முள்வேலி போட்டிருந்தார்கள். ஜப்பானியர்கள் வடக்கே எண்டாவில் இறங்கினார்கள். ஜனவரி 26 இரவு, ஜெமாலுவாங்குக்கு வடக்கே நித்ஸ்டேல் ரப்பர் தோட்டத்தில், சாலையின் இரு பக்கமும் ஒளிந்திருந்த ஆஸ்திரேலியர்கள் முன்னேறி வந்த படையைத் தாக்கினார்கள். சாலை இம்முறை ஜப்பானியர்களுக்குப் பொறியானது. ஆனால் பின்வாங்கல் நிற்கவில்லை. ஜனவரி 31 அன்று கடைசிப் படைகள் சிங்கப்பூருக்குள் போன பிறகு கடற்பாலம் வெடிவைத்து உடைக்கப்பட்டது. கரையின் இந்தப் பக்கம் விடப்பட்ட தோட்டத் தமிழர்களில் பலர் அடுத்த ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சாலை போட வந்தவர்களின் பிள்ளைகள் தண்டவாளம் போடப் போனார்கள்.

போர் முடிந்ததும் பயம் முடியவில்லை. 1948இல் அவசரகாலம் தொடங்கியது. ஜொகூர் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாநிலங்களில் ஒன்று. 1951 அக்டோபர் 6 அன்று பிரேசர் மலைக்கு ஏறும் சாலையின் ஒரு வளைவில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுடப்பட்டு இறந்தார். அது ஜொகூரில் நடக்கவில்லை என்றாலும், வளைவு என்றாலே உடல் இறுகும் பழக்கம் நாடு முழுக்கப் பரவியது. தோட்டத்துக்குச் சம்பளப் பணம் கொண்டுபோகும் வண்டி காவலோடு போன காலம் அது. ஒதுங்கி மறைய இடம் கொடுக்கக் கூடாது என்று சாலையோரக் காட்டை வெட்டித் தள்ளினார்கள்.

இந்தச் சாலைகள் விடுமுறைச் சாலைகளாக மாறியது அண்மையில்தான். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்ததும் அவசரக்காரர்கள் அங்கே போய்விட்டார்கள். 2011இல் செனாய் தேசாரு நெடுஞ்சாலை முழுமையானதும் தேசாரு கடற்கரைக்குப் பழைய வழியாகப் போக வேண்டிய கட்டாயம் இல்லாமல் போனது. சுங்கம் கட்ட முடிந்தவருக்கு நேர் சாலை, மற்றவர்களுக்கு வளைந்த சாலை என்று பிரிந்தது. இந்தப் பிரிவினையைத்தான் நாம் அதிகம் யோசிப்பதில்லை. பயணிக்குப் பழைய சாலை ஒரு நாள் சாகசம். அதன் ஓரத்துக் கம்பங்களிலும் தோட்டங்களிலும் இருப்பவர்களுக்கு அது பள்ளிக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போகும் ஒரே வழி. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி இரண்டு முறை வெள்ளத்தில் மூழ்கியபோது, வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று அவர்கள்தான் பார்த்தார்கள். மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். வாடகைக் காரில் இருப்பவர் வளைவுக்கு அந்தப் பக்கம் லோரி வருமோ என்று பயப்படுகிறார். அந்த வளைவில் சின்ன மோட்டாரில் வேலைக்குப் போகும் ஆள், கார் வருமோ என்று பயப்படுகிறார்.

ஆகவே, "ஓட்டிடலாமா?" என்று கேட்பவருக்கு என் பதில்: தாராளமாக ஓட்டலாம், பயத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். பகலிலேயே கிளம்புங்கள். மழைக்காலம் என்றால் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பின்னால் வருபவர் அவசரப்பட்டால் இடம் பார்த்து ஒதுங்கி வழி விடுங்கள், அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. இரட்டைக் கோடு போட்ட இடத்தில் முந்தாதீர்கள், முன்னால் எவ்வளவு மெதுவான வண்டி போனாலும் சரி. மேற்குக் கரைப் பக்கம் போனால் பாரிட் சுலோங்கில் பத்து நிமிடம் இறங்கி, பாலத்திலிருந்து பக்ரி பக்கமாகச் சாலையைப் பாருங்கள். எவ்வளவு குறுகலான வழியில் எவ்வளவு பேர் சிக்கிக்கொண்டார்கள் என்று அங்கே நின்றால்தான் புரியும்.