ஒரு மூட்டை அரிசியில் இருந்து 1,94,000 யென் வரை

ஜப்பானிய டிவி சீரியல்கள் பெண்களை எப்படிக் காட்டின என்று தேட ஆரம்பித்தால் காதல், கண்ணீர், மாமியார் கொடுமை எல்லாம் வரிசையாக வரும். நான் கொஞ்ச நாளாக வேறொரு நூலைப் பிடித்துக்கொண்டு போகிறேன். இந்தக் கதைகளில் பெண் செய்யும் வேலைக்கு என்ன விலை? அந்த விலையை யார் சொல்கிறார்கள்? இந்தக் கேள்வியோடு பார்த்தால், பழகிய சீரியல்களே வேறு மாதிரி தெரிகின்றன.

முதலில் ஓஷின். என்.ஹெச்.கே. 1961 முதல் காலையில் தொடர்களை ஒளிபரப்பி வருகிறது. அந்த வரிசையில் 1983 ஏப்ரலில் ஆரம்பித்தது இது. எழுதியவர் ஹாஷிதா சுகாகோ. மொத்தம் 297 பகுதிகள். சராசரி பார்வையாளர் அளவு 52.6 சதவீதம், உச்சம் 62.9. பாதி ஜப்பான் பார்த்தது என்று சொன்னால் மிகையில்லை.

யமாகதா பகுதியின் ஏழைக் குடியானவர் வீட்டுப் பெண் ஓஷின். ஏழு வயதில் வேலைக்கு அனுப்பப்படுகிறாள். ஒரு வருட உழைப்புக்கு அவள் வீட்டுக்குக் கிடைப்பது ஒரு மூட்டை அரிசி, சுமார் 60 கிலோ. பிற்பாடு கல்யாணமாகி, 1923 நிலநடுக்கத்தில் எல்லாம் போய், கணவனின் ஊரான சாகாவுக்குப் போகிறாள். அங்கே மாமியாரின் கீழ் வயலிலும் வீட்டிலும் மாடாய் உழைக்கிறாள். கூலி எதுவும் கிடையாது. இங்கேதான் நான் நின்று யோசித்தேன். வேலைக்காரச் சிறுமிக்கு ஒரு மூட்டை அரிசியாவது விலை உண்டு. மருமகளுக்கு அதுவும் இல்லை!

ஓஷினின் பொறுமையைத்தான் பலரும் கொண்டாடினார்கள். ஆனால் கதையின் முதல் காட்சிகளைப் பாருங்கள். பணக்காரக் கிழவியாகிவிட்ட ஓஷின், தன் குடும்பத்தின் 17-வது சூப்பர் மார்க்கெட் திறப்பு விழா அன்று யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். பொறுத்துப் பொறுத்துச் சேர்த்ததெல்லாம் இதற்குத்தானா என்ற கேள்வி அதில் இருக்கு.

ஓஷின் முடிந்த மறு வருடம், 1985-ல், வேலைவாய்ப்பில் ஆண் பெண் சம வாய்ப்புச் சட்டம் நிறைவேறியது. அமலுக்கு வந்தது 1986 ஏப்ரல். அதே ஏப்ரலில் இன்னொன்றும் வந்தது. சம்பளக்காரரின் வருமானத்தில் வாழும் மனைவி, தன் பங்குக்கு ஒரு யென் கூடக் கட்டாமல் அடிப்படை ஓய்வூதியம் பெறலாம் என்ற ஏற்பாடு. சட்டத்தில் கணவருக்கும் இது பொருந்தும்தான், ஆனால் பயன்படுத்தியவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே பெண்கள். ஆக, ஒரு கை ஆபீஸ் கதவைத் திறந்தது, இன்னொரு கை வீட்டிலேயே இருந்தால் லாபம் என்றது. இந்த இரட்டைப் பேச்சை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த சீரியலுக்குப் போவோம்.

1991-ல் வந்த டோக்கியோ லவ் ஸ்டோரி. ரிகா அமெரிக்காவில் இருந்து திரும்பியவள். ஆபீஸில் சுறுசுறுப்பானவள், காதலை முதலில் தானே சொல்பவள். அவள் விரும்பும் கான்ஜி கடைசியில் கல்யாணம் செய்துகொள்வது சதோமியை. அமைதியானவள், சின்னக் குழந்தைகளுக்கு டீச்சர். ஜப்பானே ரிகாவை ரசித்தது. ஆனால் குடும்பம் என்று வந்தபோது கதை அவளை வெளியே நிறுத்திவிட்டது. துணிச்சலான ஒரு பாத்திரத்தை எழுதிவிட்டால் மட்டும் பழைய ஏற்பாடு மாறிவிடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கணக்குப் புத்தகத்தையே திறந்து வைத்தது 2016-ல் டி.பி.எஸ். சேனலில் வந்த, சுருக்கமாக நிகேஹாஜி என்று சொல்லப்படும் சீரியல். 'ஓடிப்போவது வெட்கம்தான், ஆனால் உபயோகமானது' என்ற பொருள் தரும் தலைப்பு. உமினோ ட்சுனாமியின் மாங்கா கதைக்கு நோகி அகிகோ திரைக்கதை எழுதினார். முதுகலை வரை படித்தும் நிரந்தர வேலை கிடைக்காத மிகுரி, ஹிராமசா என்ற சிஸ்டம் எஞ்சினியரின் வீட்டைப் பராமரிக்க ஒப்பந்தக் கல்யாணம் செய்துகொள்கிறாள். (நம்ம ஆள்! எக்செல் போட்டுத்தான் முடிவெடுப்பார்.) முழுநேர இல்லத்தரசி வருடத்துக்கு 2,199 மணி நேரம் சம்பளமில்லாமல் உழைக்கிறார், அதன் மதிப்பு 30,41,000 யென் என்ற கணக்கை வைத்து மாதச் சம்பளம் 1,94,000 யென் என்று பேசி முடிக்கிறார்கள்.

காதல் வந்த பிறகுதான் சிக்கல். ஹிராமசா நிஜக் கல்யாணம் பேசும்போது, இனி சம்பளம் தர வேண்டாம், பணம் மிச்சம் என்று கணக்குக் காட்டுகிறார். மிகுரி மறுக்கிறாள். பிரியம் இருக்கிறது என்பதற்காக உழைப்பை இலவசமாக வாங்குவது சுரண்டல் என்கிறாள். சாகாவில் ஓஷின் கேட்க முடியாததை இவள் கேட்டுவிட்டாள். கடைசிப் பகுதியில் இருவரும் குடும்பத்தைக் கூட்டாக நிர்வகிப்பவர்கள் என்று உட்கார்ந்து பேசுகிறார்கள். வேலையைப் பங்கு போடுவதில் சண்டையும் வருகிறது. அது சண்டையாகவே காட்டப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது.

2024-ல் வந்த தோரா நி ட்சுபாசா இன்னும் அடியில் போய்த் தோண்டுகிறது. ஜப்பானின் முதல் மூன்று பெண் வழக்கறிஞர்களில் ஒருவரான மிபுச்சி யோஷிகோவின் வாழ்க்கையைத் தழுவிய காலைத் தொடர். போருக்கு முந்தைய சட்டத்தில் மணமான பெண் தனியாகச் சட்ட முடிவெடுக்கத் தகுதியற்றவள். அவள் சொத்தை நிர்வகிப்பது கணவன். தாய் நினைவாக வைத்திருந்த கிமோனோக்களைக் கூட கணவனிடம் இருந்து மீட்க ஒருத்தி கோர்ட்டுக்குப் போகிறாள். இதையெல்லாம் பார்க்கும் நாயகி தொமோகோ கத்துவதில்லை. 'ஹாத்தே?' என்கிறாள். நம்மூர் வழக்கில் 'அதெப்படி?' என்று வைத்துக்கொள்ளலாம்.

பெண்ணின் உழைப்புக்கு விலை வராமல் போனது அன்பு குறைந்ததால் மட்டுமல்ல, சட்டமே அப்படி எழுதப்பட்டிருந்தது என்று இந்தத் தொடர் காட்டுகிறது. போருக்குப் பின் அந்தச் சட்டம் போய்விட்டது. ஆனால் 1986 ஏப்ரலில் வந்த அந்த ஓய்வூதிய ஏற்பாடு இன்றும் இருக்கிறது. கல்யாணமானால் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான் என்ற சட்டமும் இருக்கிறது, சுமார் 95 சதவீதம் பேரில் பெயரை மாற்றிக்கொள்வது பெண்தான்.

அதனால் அடுத்து ஒரு ஜப்பானிய சீரியல் பார்க்கும்போது நாயகி எவ்வளவு தைரியசாலி என்று மட்டும் பார்க்காதீங்க. சாப்பிட்டு முடித்ததும் தட்டை யார் கழுவுகிறார்கள், அது கதையில் பேச்சாக வருகிறதா என்றும் பாருங்க. பேச்சாக வந்த இடங்களில்தான் ஏதோ கொஞ்சம் மாறியிருக்கிறது.