மூல ஓலை எங்கே?

வீட்டுக்கடனுக்கு அலைந்தபோது வங்கியில் கேட்ட முதல் கேள்வி, "மூலப்பத்திரம் இருக்கா சார்?" நகலை நீட்டினேன். "இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதே" என்றார் அதிகாரி. எங்கேயோ கேட்ட வசனம் மாதிரி இருந்தது. பைக்கில் பாதி வழி வந்ததும் பிடிபட்டது: பெரியபுராணம்.

சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் வருகிறார். நீ எனக்கு அடிமை, உன் தாத்தா எழுதிக்கொடுத்த ஆளோலை இதோ என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். (பேக்கப் வைத்திருந்த முதல் ஆள் சிவபெருமான்தான் என்று ஆபீஸில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.) சபையார் காப்பில் இருந்த தாத்தாவின் இன்னொரு எழுத்தை வரவழைத்து ஒப்பிடுகிறார்கள். பொருந்துகிறது. தீர்ந்தது வழக்கு.

பக்திக் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். ஆனால் சுந்தரர் முதலில் சிரித்தது எதற்கு? அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாவதா என்றுதான். பிறக்காத பேரனையும் சேர்த்து ஓலையில் எழுத முடியும் என்பது 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாருக்கு விளக்கவேண்டிய விஷயமாகவே இல்லை.

இத்தகைய ஓலைக்குப் பெயர்தான் ஆவணம். அகநானூற்றின் 122ஆம் பாடலில் ஆவணம் என்றால் கடைத்தெரு. வடமொழியிலும் கடைத்தெருவுக்கு ஆபணம் என்று பெயர். அதே நூலின் 77ஆம் பாடலில் 'ஆவண மாக்கள்' வருகிறார்கள். கயிறு கட்டிய குடத்தின் முத்திரையைச் சரிபார்த்து, உடைத்து, உள்ளே இருக்கும் ஓலைகளை எடுப்பவர்கள். போரில் விழுந்தவர்களின் குடலைக் கழுகு உருவுவதற்கு உவமையாகச் சொல்லப்படுகிறார்கள். அரசு அலுவலகத்தைப் பற்றி இதைவிடக் கொடூரமான உவமை நான் படித்ததில்லை.

சோழர் கல்வெட்டுகளில் பத்திரம் பதிவாகும் இடம் ஆவணக்களரி. அங்கே நிலம் மட்டும் கைமாறவில்லை. திருப்பாம்புரம் கோயில் கல்வெட்டு ஒன்று, 1201ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைச் சொல்கிறது. அந்தப் பதிவு இருப்பது வாங்கியவர் சுவரில். விற்றவர் கையில் ஒரு படியோலையாவது இருந்ததா?

பிறகு பாரசீகத்திலிருந்து தஸ்தாவேஜு வந்தது, இங்கிலீஷிலிருந்து ரெக்கார்டு வந்தது. எழும்பூரில் 1909இல் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் என்று தொடங்கியது, 1973இல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆனது. இப்போது ஆவணப்படம்கூட எடுக்கிறோம். ஆளோலையின் வாடை அந்தச் சொல்லில் யாருக்கும் அடிப்பதில்லை.

மூலப்பத்திரம் கடைசியில் அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் கிடைத்தது. கடன் கிடைத்துவிட்டது, 20 வருஷம். பத்திரம் இப்போது வங்கிப் பெட்டகத்தில். என்னிடம் இருப்பது படியோலை.